ஒரு லைப்ரரிக்கு எதற்கு இரண்டு பேக்கேஜ்? லினக்ஸில் ‘டெவ்’ பிரிந்து நிற்கும் காரணம்

லினக்ஸில் ஒரு புரோகிராமை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யத் தொடங்கும் எல்லோருக்கும் இந்தத் தடங்கல் ஒருநாள் வந்தே தீரும். கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஓடுகிறது, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே போகிறது, பாதியில் ‘மவுன்ட் லைப்ரரி கிடைக்கவில்லை’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. பேக்கேஜ் பட்டியலைப் பார்த்தால் லிப்மவுன்ட்1 அங்கே இருக்கிறது. டிஸ்க்கை இணைக்கும் மவுன்ட் கட்டளையே அந்த லைப்ரரியை நம்பித்தான் ஓடுகிறது. அது இல்லாமல் இருந்தால் கம்ப்யூட்டர் ஒழுங்காக பூட் ஆகியே இருக்காது. அப்படியிருக்க ஸ்கிரிப்ட் ஏன் இல்லை என்கிறது?

விவரம் தெரிந்தவரைக் கேட்டால் ‘லிப்மவுன்ட்-டெவ் போடுங்கள்’ என்பார். ‘டெவ்’ என்பது டெவலப்மென்ட் என்பதன் சுருக்கம். போட்டதும் வேலை நடந்துவிடும். பலரும் அத்தோடு விட்டுவிடுவார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால், ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் ஆயிரக்கணக்கான புரோகிராம்களைத் தனித்தனியாக அப்டேட் செய்தும் உடையாமல் இருப்பதற்கு என்ன செய்கிறது என்பது முழுக்க இந்தப் பிரிவுக்குள்ளேயே இருப்பது தெரியும். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். உதாரணங்களைப் பெரும்பாலும் டெபியனிலிருந்து எடுக்கிறேன். இந்த விதிகளை மிக விரிவாக எழுதி வைத்திருப்பது அவர்கள்தான். மற்ற டிஸ்ட்ரிபியூஷன்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், ஷேர்டு லைப்ரரி என்றால் என்ன

மவுன்ட், யூமவுன்ட், ஃபைண்ட்மவுன்ட் மூன்றும் தனித்தனிக் கட்டளைகள். ஆனால் மூன்றுக்கும் ஒரே அறிவு தேவை: எந்த டிஸ்க் எந்த டைரக்டரியில் இணைந்திருக்கிறது, எந்த டிஸ்க்கை எங்கே இணைக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலை எப்படிப் படிப்பது, கெர்னலிடம் என்ன கேட்பது. இதை மூன்று இடத்தில் எழுதாமல் ஒரே இடத்தில் எழுதி, கம்பைல் செய்து, தனி ஃபைலாக வைத்துவிடுகிறார்கள். அதுதான் லிப்மவுன்ட். புரோகிராம் தொடங்கும்போது டைனமிக் லோடர் என்ற சிறிய புரோகிராம் முந்திக்கொண்டு ஓடி, தேவையான லைப்ரரிகளை மெமரிக்குக் கொண்டுவந்து கோர்த்துக் கொடுக்கும். ஒரே நேரத்தில் பத்து புரோகிராம்கள் கேட்டாலும் லைப்ரரியின் கோட் பகுதி மெமரியில் ஒருமுறைதான் இருக்கும்.

டிஸ்க்கிலும் மெமரியிலும் இடம் மிச்சமாவதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே வந்தபோது, டிஸ்ட்ரிபியூஷன்கள் அந்த ஒரு லைப்ரரியின் பேக்கேஜைத் திருத்தி அனுப்பினால் போதுமாக இருந்தது. அதைப் பயன்படுத்திய வெப் சர்வர், மெயில் சர்வர் எதையும் திரும்பக் கம்பைல் செய்யத் தேவைப்படவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றை நிறுத்தித் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். அவை பழைய ஃபைலையே மெமரியில் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால் அந்த ரீஸ்டார்ட் கட்டாயம். லைப்ரரியை ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் தைத்து அனுப்பியிருந்தால், எதற்குள் எந்த வெர்ஷன் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதே பெரிய வேலையாகியிருக்கும்.

லைப்ரரியை மட்டும் தனியாக மாற்ற வேண்டும், அதை நம்பியிருக்கும் புரோகிராம்களைத் தொடக் கூடாது. இந்த ஒரு தேவையிலிருந்துதான் பேக்கேஜிங் விதிகள் எல்லாம் கிளைக்கின்றன.

ஒரே ஃபைலுக்கு மூன்று பெயர்

64 பிட் டெபியன் கம்ப்யூட்டர் ஒன்றில் லைப்ரரிகள் இருக்கும் டைரக்டரியைத் திறந்து லிப்மவுன்ட் என்று தொடங்குபவற்றைப் பட்டியலிட்டுப் பாருங்கள். டெவ் பேக்கேஜும் போட்டிருந்தால் இவை கண்ணில் படும்: லிப்மவுன்ட்.எஸ்ஓ.1.1.0, லிப்மவுன்ட்.எஸ்ஓ.1, லிப்மவுன்ட்.எஸ்ஓ. கூடவே லிப்மவுன்ட்.ஏ என்று இன்னொன்றும் இருக்கும். முதலாவது மட்டும்தான் உண்மையான ஷேர்டு லைப்ரரி. அடுத்த இரண்டும் சிம்லிங்குகள், அதாவது அந்த ஃபைலைக் காட்டும் மாற்றுப் பெயர்கள். பார்த்தவுடன் இவ்வளவு சிம்லிங்க் எதற்கு என்று தோன்றும். ஆனால் மூன்றையும் தேடி வருபவர்கள் வெவ்வேறு ஆட்கள்.

கம்பைலரிடம் ‘மவுன்ட் லைப்ரரியோடு லிங்க் செய்’ என்று சொல்கிறோம். லிங்கர் அந்தப் பெயருக்கு முன்னால் ‘லிப்’ சேர்த்து, பின்னால் ‘.எஸ்ஓ’ சேர்த்துத் தேடும். அதற்குத் தேவை எண்ணே இல்லாத லிப்மவுன்ட்.எஸ்ஓ. அந்த சிம்லிங்க் வழியாக உண்மையான ஃபைலைத் திறக்கிறது. திறந்து, நாம் அழைத்த ஃபங்ஷன்கள் உள்ளே இருக்கின்றனவா என்று பார்க்கிறது. இதோடு இன்னொரு காரியமும் செய்கிறது, அதைக் கவனிக்க வேண்டும். லைப்ரரி ஃபைலுக்கு உள்ளேயே சோநேம் என்று ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கும். லிப்மவுன்ட்டின் சோநேம் ‘லிப்மவுன்ட்.எஸ்ஓ.1’. லிங்கர் அந்தச் சோநேமை எடுத்து, புதிதாக உருவாகும் புரோகிராமின் ‘நீடட்’ பட்டியலில் எழுதிவிடும். நாம் தேடச் சொன்ன பெயர் அங்கே போகாது, 1.1.0 என்ற முழுப் பெயரும் போகாது. போவது சோநேம் மட்டும்தான்.

அந்தப் புரோகிராம் நாளை ஓடும்போது லோடர் ‘நீடட்’ பட்டியலைப் படித்து லிப்மவுன்ட்.எஸ்ஓ.1 எங்கே என்று தேடும். ஆக, ஓடும் நேரத்துக்கு நடுப்பெயர், கம்பைல் நேரத்துக்குக் கடைசிப் பெயர். இதை நேரில் பார்க்க ரீட்எல்ஃப் கட்டளையை ‘-டி’ ஆப்ஷனோடு மவுன்ட் புரோகிராமின் மேல் ஓட்டிப் பாருங்கள். ‘நீடட்’ வரிகளில் லிப்மவுன்ட்.எஸ்ஓ.1 இருக்கும். லைப்ரரி ஃபைலின் மேலேயே ஓட்டினால் ‘சோநேம்’ வரி தெரியும். எல்டிடி என்ற கட்டளையை விட இதையே நான் பரிந்துரைப்பேன். எல்டிடி காட்டுவது லைப்ரரியின் லைப்ரரியையும் சேர்த்து மொத்தக் குடும்பத்தையும். இந்த ஃபைல் நேரடியாகக் கேட்பது எது என்பது அதில் மறைந்துபோகும்.

அந்தச் சோநேமின் கடைசியில் இருக்கும் ‘1’ தான் வாக்குறுதி. லைப்ரரியின் ஆசிரியர்கள் உள்ளே எத்தனை பிழை திருத்தினாலும், புதிய ஃபங்ஷன்கள் சேர்த்தாலும், ‘பழைய புரோகிராம்கள் அப்படியே ஓடும்’ என்பது உண்மையாக இருக்கும்வரை எண் 1 ஆகவே இருக்கும். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாத மாற்றம் வந்தால் எண்ணை 2 ஆக்க வேண்டும்.

இனி பேக்கேஜ்களைப் பிரிப்போம்

மூன்று பெயர்களும் யாருக்கு என்று தெரிந்துவிட்டால் பிரிவு தானாகவே விழுகிறது. ஓடும் நேரத்துக்குத் தேவையான உண்மையான ஃபைலும் சோநேம் சிம்லிங்கும் லிப்மவுன்ட்1 பேக்கேஜுக்குப் போகும். எண்ணில்லாத சிம்லிங்க், ஃபங்ஷன்களின் விவரத்தைக் கம்பைலருக்குச் சொல்லும் ஹெடர் ஃபைல், லைப்ரரியைப் புரோகிராமுக்குள்ளேயே தைத்துவிடும் ஸ்டாட்டிக் லிங்க்குக்கான லிப்மவுன்ட்.ஏ, லைப்ரரிகளைத் தேடிக் கொடுக்கும் பிகேஜி-கான்ஃபிக் கருவி படிக்கும் மவுன்ட்.பிசி ஆகியவை லிப்மவுன்ட்-டெவ் பேக்கேஜுக்குப் போகும். சர்வர் ஒன்றில் கம்பைல் வேலையே நடக்காது என்றால் இரண்டாவது பேக்கேஜ் அங்கே தேவையே இல்லை.

டெபியன் பேக்கேஜ் தயாரிப்பவர் இதை எழுதும் இடம் ‘.இன்ஸ்டால்’ என்று முடியும் சின்னஞ்சிறு ஃபைல்கள். ஓடும் பேக்கேஜின் ஃபைலில் ‘லிப்*.எஸ்ஓ.*’ என்று ஒரு வரி, டெவ் பேக்கேஜின் ஃபைலில் ‘லிப்*.எஸ்ஓ’ என்று ஒரு வரி. வித்தியாசம் கடைசியில் இருக்கும் ஒரு புள்ளியும் நட்சத்திரமும் மட்டுமே. புதிதாக வருபவர்கள் முதல் வரியில் அந்தப் புள்ளியை விட்டுவிட்டு ‘எஸ்ஓ*’ என்று எழுதிவிட்டால் எண்ணில்லாத சிம்லிங்கும் ஓடும் பேக்கேஜுக்குள் நுழைந்துவிடும். கம்பைல் எல்லாம் சரியாகவே நடக்கும், ஆனால் டெவ் பேக்கேஜிலும் அதே பாதை இருப்பதால் இரண்டையும் சேர்த்துப் போடும்போது மோதும். டெவ் பேக்கேஜிலிருந்து அதை எடுத்துச் சமாளித்தாலும், லைப்ரரியின் எண் மாறும் அன்று பிரச்சினை திரும்ப வரும். லிப்மவுன்ட்1, லிப்மவுன்ட்2 இரண்டிலும் லிப்மவுன்ட்.எஸ்ஓ என்ற அதே பெயர் இருக்கும். ஒரே பாதையை இரண்டு பேக்கேஜ் சொந்தம் கொண்டாடினால், டெபியனில் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் டிபிகேஜி இரண்டாவதை இன்ஸ்டால் செய்ய மறுத்துவிடும்.

ஓடும் பேக்கேஜின் பெயரிலேயே எண் இருப்பதும் இதற்காகத்தான். ஓப்பன்எஸ்எஸ்எல்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டெபியன் 11-இல் லிப்எஸ்எஸ்எல்1.1, டெபியன் 12-இல் லிப்எஸ்எஸ்எல்3. பெயரில் எண் இல்லாமல் இரண்டுமே ‘லிப்எஸ்எஸ்எல்’ என்று இருந்திருந்தால், புதியது வந்த கணமே பழையது அழியும், பழையதை நம்பிய அத்தனை புரோகிராமும் அந்தக் கணமே நிற்கும். பெயர் வேறாக இருப்பதால் இரண்டும் அருகருகே இருக்கலாம். அப்கிரேட் நடந்துகொண்டிருக்கும்போது பாதிப் புரோகிராம்கள் பழையதோடும் மீதி புதியதோடும் ஓடும். பழையதைக் கேட்க யாரும் இல்லாதபோது அதை நீக்கிவிடலாம்.

டெவ் பேக்கேஜின் பெயரில் மட்டும் பொதுவாக எண் இருக்காது. கம்பைல் செய்கிறவர் ஒரு நேரத்தில் ஒரு வெர்ஷனோடுதான் கம்பைல் செய்வார், இரண்டு ஹெடர்களை அருகருகே வைக்க அவசியமில்லை. இன்னொரு லாபமும் உண்டு. லைப்ரரியின் எண் மாறும்போது அதைப் பயன்படுத்தும் நூற்றுக்கணக்கான சோர்ஸ் பேக்கேஜ்களில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். எல்லாம் ‘லிப்எஸ்எஸ்எல்-டெவ் வேண்டும்’ என்றுதானே எழுதியிருக்கின்றன? திரும்பக் கம்பைல் செய்தால் போதும், புதிய சோநேம் தானாக உள்ளே ஏறிவிடும். இதை டெபியனில் டிரான்சிஷன் என்பார்கள்.

ஒரு சின்னக் குறிப்பு. பெயர் வைப்பதில் விதிவிலக்குகள் நிறைய உண்டு. லிப்யூயூஐடி1-இன் டெவ் பேக்கேஜ் வெறும் யூயூஐடி-டெவ். லிப்செலினக்ஸ்1-க்கு லிப்செலினக்ஸ்1-டெவ், அங்கே எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய வழக்கங்கள் இவை. ஊகித்து டைப் செய்வதைவிட ஆப்ட்-ஃபைல் கட்டளையிடம் ‘மவுன்ட்.பிசி எந்தப் பேக்கேஜில்?’ என்று கேட்பது நல்லது.

டெவ் பேக்கேஜ் தன்னுடைய ஓடும் பேக்கேஜை வெர்ஷன் பிசகாமல் கேட்க வேண்டும். ‘இதற்கு மேல் எதுவானாலும் சரி’ என்று எழுதக் கூடாது, ‘இதே வெர்ஷன்’ என்று எழுத வேண்டும். இல்லையென்றால் ஹெடர் ஃபைல் ஒரு வெர்ஷனைப் பற்றிப் பேசும், சிம்லிங்க் வேறு வெர்ஷனைக் காட்டும். சில சமயம் இல்லாத ஃபைலைக்கூடக் காட்டும்.

ஓடும் பேக்கேஜுக்குள் வேறு எதையும் திணிக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். கட்டளைகள், செட்டிங் ஃபைல்கள், மொழிபெயர்ப்புகள் எல்லாம் எண்ணில்லாத பாதைகளில் உட்காருபவை. அவை உள்ளே இருந்தால் இரண்டு தலைமுறை லைப்ரரி அருகருகே நிற்க முடியாது. லிப்மவுன்ட் பிறக்கும் யூடில்-லினக்ஸ் சோர்ஸைப் பாருங்கள். அந்த ஒரே சோர்ஸிலிருந்து ஒரு டஜனுக்கு மேல் பேக்கேஜ்கள் வருகின்றன. கட்டளை ‘மவுன்ட்’ பேக்கேஜில், லைப்ரரி லிப்மவுன்ட்1-இல், மொழிபெயர்ப்பு யூடில்-லினக்ஸ்-லோகேல்ஸ் பேக்கேஜில்.

எண் எப்போது மாற வேண்டும்?

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள், ஆகவே நிதானமாகப் போவோம்.

சோர்ஸ் கோட் அளவில் ஒத்துப்போவது ஒன்று. அதை ஏபிஐ என்கிறோம்: ஃபங்ஷனின் பெயர், அதற்குக் கொடுக்க வேண்டியவை. ஏற்கெனவே கம்பைல் ஆன பைனரி அளவில் ஒத்துப்போவது வேறொன்று. அதுவும் தமிழில் ஏபிஐ தான்: ஆங்கிலத்தில் முதலாவது API, இது ABI என்ற பைனரி இடைமுகம். பெயர்கள் தமிழில் ஒன்றுபோல ஒலிப்பதால் இனிமேல் ‘சோர்ஸ் பொருத்தம்’, ‘பைனரி பொருத்தம்’ என்றே சொல்கிறேன். சோநேம் எண் காப்பது பைனரி பொருத்தத்தை.

சோர்ஸ் பொருத்தம் கெடாமலே பைனரி பொருத்தம் கெடலாம். லைப்ரரியின் ஹெடரில் ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது பல விவரங்களை வரிசையாக அடுக்கிய தொகுப்பு, இருக்கிறது என்று வையுங்கள். முதலில் பிராசஸ் எண், 4 பைட். அடுத்து தாய் பிராசஸின் எண், 4 பைட். அடுத்து மெமரி அளவு. இதைப் பயன்படுத்தும் புரோகிராம் கம்பைல் ஆனதும் அதற்குள் ‘மெமரி அளவு’ என்ற பெயரே மிஞ்சாது. ‘தொடக்கத்திலிருந்து 8 பைட் தள்ளிப் படி’ என்ற கட்டளைதான் மிஞ்சும். லைப்ரரியின் அடுத்த வெர்ஷனில் யாரோ மெமரி அளவுக்கு முன்னால் த்ரெட் எண் என்று 4 பைட் சேர்க்கிறார்கள். பழைய புரோகிராம் இன்னும் 8 பைட் தள்ளித்தான் படிக்கும். மெமரி அளவு என்று நினைத்து த்ரெட் எண்ணைப் படிக்கும். எர்ரர் எதுவும் வராது. தவறான எண் மட்டும் திரையில் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் கிராஷ் ஆகும். அதிர்ஷ்டம் என்று சொல்வதற்குக் காரணம், கிராஷ் ஆனால்தான் ஏதோ தவறு என்று தெரியவரும். இந்த மாதிரி மாற்றத்துக்கு எண்ணை ஏற்றியே ஆக வேண்டும். இருக்கும் ஃபங்ஷனை நீக்கினாலும், அது வாங்கும் விவரங்களை மாற்றினாலும் அப்படியே. புதிய ஃபங்ஷனை மட்டும் சேர்த்தால் ஏற்ற வேண்டாம்.

மேலே சொன்னது வெறும் கற்பனை இல்லை. பிஎஸ், டாப் கட்டளைகளுக்கு அடியில் இருந்த லிப்ப்ராக்ப்ஸ் லைப்ரரி, பிராசஸ் விவரம் முழுவதையும் ஒரு பெரிய ஸ்ட்ரக்டாக ஹெடரிலேயே திறந்து வைத்திருந்தது. விளைவைப் பேக்கேஜ் பெயர்களிலேயே படிக்கலாம்: டெபியன் 8-இல் லிப்ப்ராக்ப்ஸ்3, 9-இல் 6, 10-இல் 7, 11-இல் 8. ஒவ்வொரு ரிலீஸிலும் எண் மாற்றம். பிறகு லைப்ரரியையே புதிதாக எழுதினார்கள். டெபியன் 12-இல் வந்த லிப்ப்ராக்2-0 விவரத்தை மூடி வைத்து, ஃபங்ஷன்கள் வழியாக மட்டும் கேட்கச் சொல்கிறது. 13-இலும் அதே பெயர்தான் தொடர்கிறது.

லிப்மவுன்ட் தொடக்கத்திலிருந்தே மூடி வைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தது. அதன் ஹெடரில் ஸ்ட்ரக்டின் பெயர் மட்டும் இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று இருக்காது. புரோகிராம் ஒரு பாயின்டரைக் கையில் வைத்துக்கொண்டு ‘சோர்ஸ் எது?’, ‘டார்கெட் எது?’ என்று ஃபங்ஷன்களைக் கேட்க வேண்டியதுதான். உள்ளே எதை மாற்றினாலும் வெளியே தெரியாது. 2011 வாக்கில் வந்தது முதல் இன்றுவரை சோநேம் 1 ஆகவே இருப்பதற்குக் காரணம் இந்த வடிவமைப்புதான். நல்ல பேக்கேஜிங் ஹெடர் ஃபைல் எழுதும்போதே தொடங்கிவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புவது இதைப் பார்த்துத்தான்.

இன்னும் அழகான உதாரணம் அதன் உடன்பிறப்பு லிப்பிஎல்கேஐடி. டிஸ்க்கில் இருப்பது எந்த ஃபைல்சிஸ்டம் என்று கண்டுபிடிக்கும் லைப்ரரி இது. முதலில் ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ் சோர்ஸிலிருந்து வந்தது, பின்னர் யூடில்-லினக்ஸுக்கு இடம் மாறியது. தாய் வீடே மாறியும் பேக்கேஜ் பெயர் லிப்பிஎல்கேஐடி1 ஆகவே நின்றது, பைனரி பொருத்தத்தைக் காப்பாற்றினார்கள் என்பதால்.

எண் மாறும்போது குறுக்குவழி தேடுவது ஆபத்து. கம்ப்யூட்டரில் இணையும் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் லைப்ரரியின் எண் 0-இலிருந்து 1-க்கு மாறியது. 2013 வாக்கில் புதிய டிஸ்ட்ரிபியூஷன்களில் லிப்யூடெவ்.எஸ்ஓ.0 இல்லாமல் போக, பழைய பைனரிகள் பல தொடங்க மறுத்தன. அப்போது இணையம் முழுக்கப் பரவிய அறிவுரை, எஸ்ஓ.1-ஐக் காட்டும் ஒரு சிம்லிங்கை எஸ்ஓ.0 என்ற பெயரில் கையால் போடு என்பது. பலருக்கு ஓடியது, ஏனென்றால் அவர்களுடைய புரோகிராம்கள் தொட்ட ஃபங்ஷன்கள் மாறவில்லை. ஆனால் அந்த சிம்லிங்க் லோடரிடம் சொல்லும் பொய். ‘பொருந்தாது’ என்று ஆசிரியரே எச்சரித்த இடத்தில் ‘பொருந்தும்’ என்று எழுதி வைக்கிறோம். லிப்எஸ்எஸ்எல் போன்ற பாதுகாப்பு சம்பந்தமான லைப்ரரியில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். புரோகிராமைத் திரும்பக் கம்பைல் செய்யுங்கள், அல்லது பொருத்தமான பழைய பேக்கேஜ் இருந்தால் அதைப் போடுங்கள்.

லைப்ரரியின் ஆசிரியர் எதையும் மாற்றாமலே பைனரி பொருத்தம் உடையும் சந்தர்ப்பமும் உண்டு. 32 பிட்டில் நேரத்தைக் குறிக்கும் எண் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். அதை 64 பிட்டாக்கியபோது, நேரத்தை வெளியே காட்டும் ஒவ்வொரு லைப்ரரியின் பைனரி இடைமுகமும் 32 பிட் கம்ப்யூட்டர்களில் மாறிப்போனது. சோநேமை டிஸ்ட்ரிபியூஷன் தன்னிஷ்டப்படி மாற்ற முடியாது, மாற்றினால் மற்ற ஊர் பைனரிகளோடு ஒட்டாது. அதனால் 2024-இல் டெபியனும் உபுண்டுவும் பேக்கேஜின் பெயரை மட்டும் மாற்றின. லிப்எஸ்எஸ்எல்3 என்பது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆனது. உள்ளே இருக்கும் ஃபைல் இன்னும் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 தான். உபுண்டு 24.04-இல் திடீரென்று எங்கே பார்த்தாலும் ‘டி64’ முளைத்ததற்குக் கதை இது.

‘எது எதற்கு வேண்டும்’ என்பதை யார் எழுதுகிறார்கள்

ஒரு கட்டளை எந்த லைப்ரரி பேக்கேஜ்களை நம்பியிருக்கிறது என்பதைக் கையால் எழுதினால் தவறு வராமல் இருக்காது. டெபியனில் டிபிகேஜி-ஷ்லிப்டெப்ஸ் என்ற கருவி பைனரியின் ‘நீடட்’ பட்டியலைப் படித்து, ஒவ்வொரு சோநேமும் எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தானே எழுதிவிடும். சிம்பல்ஸ் ஃபைல் இருந்தால் இன்னும் நுணுக்கமாக வேலை செய்யும். லைப்ரரியின் ஒவ்வொரு ஃபங்ஷனும் எந்த வெர்ஷனில் அறிமுகமானது என்ற பதிவு அதில் இருக்கும். உங்கள் புரோகிராம் பழைய ஃபங்ஷன்களை மட்டும் தொட்டால் ‘பழைய வெர்ஷனே போதும்’ என்று எழுதும். நேற்று வந்த ஒன்றைத் தொட்டால் ‘நேற்றைய வெர்ஷனாவது வேண்டும்’ என்று எழுதும். கூடவே, ஒரு ஃபங்ஷன் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால் பேக்கேஜ் உருவாகும்போதே கூச்சல் போட்டு நிறுத்திவிடும். லைப்ரரி பேக்கேஜ் தயாரிப்பவருக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது.

ஆனால் இந்தக் கருவி பார்ப்பது ‘நீடட்’ பட்டியலை மட்டுமே. ஓடிக்கொண்டிருக்கும்போது டிஎல்ஓப்பன் வழியாக லைப்ரரியைத் திறந்தால் அது பட்டியலில் இருக்காது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்கதவு வைக்கப்பட்டிருப்பது வெளியான சம்பவம் நினைவிருக்கலாம். எஸ்எஸ்ஹெச் சர்வருக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. டெபியன் உள்ளிட்ட சில டிஸ்ட்ரிபியூஷன்கள் அந்த சர்வரை, பூட் ஆவதையும் சர்வீஸ்களையும் கவனிக்கும் சிஸ்டம்டியின் லைப்ரரியான லிப்சிஸ்டம்டி-யோடு இணைத்திருந்தன, லிப்சிஸ்டம்டி எக்ஸ்இசட்-ஐக் கேட்டது, அந்தச் சங்கிலி வழியாகத்தான் பின்கதவு உள்ளே போனது. ஏறக்குறைய அதே சமயத்தில் சிஸ்டம்டி இப்படிப்பட்ட பல லைப்ரரிகளைத் தேவைப்படும்போது மட்டும் டிஎல்ஓப்பன் வழியாகத் திறக்கும்படி மாறியது. பாதுகாப்புக்கு நல்லது. பேக்கேஜிங் கருவிகளின் கண்ணுக்கு மறைந்துபோவது இதன் மறுபக்கம். அதற்காகத்தான் ‘நான் இவற்றை டிஎல்ஓப்பன் செய்வேன்’ என்று பைனரிக்குள்ளேயே ஒரு குறிப்பு எழுதி வைக்கும் முறையையும் அவர்கள் கொண்டுவந்தார்கள்.

டெவ் பக்கத்தில் இதே கணக்கைப் பார்ப்பது பிகேஜி-கான்ஃபிக். மவுன்ட்.பிசி ஃபைலில் ஹெடர் எங்கே, லைப்ரரி எங்கே, எந்த வெர்ஷன் என்று இருக்கும். தொடக்கத்தில் சொன்ன கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ‘இல்லை’ என்று நின்றதும் பெரும்பாலும் இந்த ஃபைலைக் காணாமல்தான். அதில் ‘பிரைவேட்’ என்று குறித்த வரிகளைக் கவனியுங்கள். லிப்மவுன்ட் தன் உள்வேலைக்கு லிப்பிஎல்கேஐடி-யைப் பயன்படுத்துகிறது. நீங்கள் ஷேர்டு லைப்ரரியோடு லிங்க் செய்தால் அது உங்களுக்குத் தேவையில்லை, லோடரே பார்த்துக்கொள்ளும். ஸ்டாட்டிக்காக லிங்க் செய்தால் அதையும் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். அதனால்தான் லிப்மவுன்ட்-டெவ் போட்டால் லிப்பிஎல்கேஐடி-டெவ், லிப்செலினக்ஸ்1-டெவ் ஆகியவையும் கூடவே வருகின்றன.

மற்ற வீடுகளில்

ஃபெடோராவில் டெவ் என்பதற்குப் பதில் ‘டெவெல்’. ஓடும் பேக்கேஜின் பெயரில் எண் இருக்காது, வெறும் லிப்மவுன்ட். எண்ணைக் காக்கும் வேலையை அங்கே டிபிகேஜி-யின் இடத்தில் இருக்கும் ஆர்பிஎம் செய்கிறது: பேக்கேஜ் உருவாகும்போதே ‘நான் லிப்மவுன்ட்.எஸ்ஓ.1 தருகிறேன், 64 பிட்’ என்று சோநேமை அப்படியே பதிவு செய்யும், கேட்பவர்களும் அதே பெயரில் கேட்பார்கள். பழைய தலைமுறையையும் வைத்திருக்க வேண்டியிருந்தால் அதற்கென்று தனிப் பெயரில் ஒரு பேக்கேஜ் போடுவார்கள். ஓப்பன்சூசே இரண்டுக்கும் நடுவில்: ஓடும் பேக்கேஜ் டெபியன் போல லிப்மவுன்ட்1, மற்றது ஃபெடோரா போல டெவெல். ஆல்பைனில் ‘டெவ்’ உண்டு. ஆர்ச் பிரிப்பதே இல்லை, ஹெடர்களும் லைப்ரரியோடு ஒரே பேக்கேஜில் வந்துவிடும். எல்லோரும் எப்போதும் ஒரே சமீபத்திய வெர்ஷனில் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளும் டிஸ்ட்ரிபியூஷனுக்கு அது ஒத்துவருகிறது.

டெபியனில் லைப்ரரி இருக்கும் பாதையில் ‘எக்ஸ்86_64-லினக்ஸ்-குனு’ என்று நீளமாக ஒரு டைரக்டரி வருவது மல்டிஆர்ச் ஏற்பாட்டால். 2013-இல் வெளியான டெபியன் 7 முதல் 32 பிட், 64 பிட் லைப்ரரிகளை ஒரே கம்ப்யூட்டரில் மோதாமல் வைக்க இது உதவுகிறது. சோநேம் எண் இரண்டு தலைமுறைகளை அருகருகே வைப்பது போல, இது இரண்டு கட்டமைப்புகளை அருகருகே வைக்கிறது.

எல்லாவற்றையும் வெளியே தர வேண்டுமா?

சிஸ்டம் கருவி எழுதுகிறவர்கள், அதைப் பேக்கேஜ் செய்கிறவர்கள் இருவருக்கும் ஒரு வார்த்தை. கருவிக்குள் நாலைந்து கட்டளைகள் பகிர்ந்துகொள்ளும் கோட் இருந்தால் உடனே அதற்கு ஒரு லிப், ஒரு டெவ் என்று பேக்கேஜ் போடத் தோன்றும். டெவ் பேக்கேஜ் வெளியிடுவது என்றால் ‘இந்த இடைமுகத்தை நம்பி நீங்கள் எழுதலாம்’ என்று உலகத்துக்கு வாக்குக் கொடுப்பது. காப்பாற்றும் எண்ணம் இல்லையென்றால் கொடுக்காமல் இருப்பதே மரியாதை. சிஸ்டம்டி இதை நன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. லிப்சிஸ்டம்டி0-வுக்கு டெவ் பேக்கேஜ் உண்டு, அது எல்லோருக்குமானது. சிஸ்டம்டி கட்டளைகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் லிப்சிஸ்டம்டி-ஷேர்டு என்பது ‘சிஸ்டம்டி’ என்ற தனி டைரக்டரிக்குள் ஒதுங்கி இருக்கும், ஃபைல் பெயரிலேயே சிஸ்டம்டியின் முழு வெர்ஷன் எண் இருக்கும், ஹெடர் கிடையாது. ஒவ்வொரு ரிலீஸிலும் அதை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது. டிபிகேஜி இன்னொரு வழியில் போகிறது. லிப்டிபிகேஜி-டெவ் என்று ஒரு பேக்கேஜ் உண்டு, ஆனால் உள்ளே ஸ்டாட்டிக் லைப்ரரி மட்டும்தான், ஷேர்டு லைப்ரரி இல்லை. இடைமுகம் மாறிக்கொண்டே இருக்கும் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள்.

நீங்களே ஒரு லைப்ரரியைப் பேக்கேஜ் செய்து முடித்துவிட்டால், அதை எழுதிய கம்ப்யூட்டரில் சோதித்துத் திருப்தி அடையாதீர்கள். அங்கே தேவையான டெவ் பேக்கேஜ்கள் எல்லாம் ஏற்கெனவே கிடக்கும், விட்டுப்போனது எதுவும் தெரியாது. எஸ்பில்டு போன்ற கருவியால் வெறுமையான ச்ரூட் ஒன்றில், அதாவது மற்ற சிஸ்டத்திலிருந்து ஒதுக்கிய தனி டைரக்டரிச் சூழலில், கட்டுங்கள். கட்டி முடித்ததும் டிபிகேஜி-டெப் கட்டளையால் இரண்டு பேக்கேஜின் ஃபைல் பட்டியலையும் விரித்துப் பாருங்கள். ஓடும் பேக்கேஜில் எண்ணில்லாத பாதை ஏதாவது தென்படுகிறதா என்று தேடுங்கள், ஆவணங்களுக்கான டைரக்டரியில் பேக்கேஜின் பெயரிலேயே இருப்பதைத் தவிர. பிறகு இன்னொரு வெறுமையான ச்ரூட்டில் டெவ் பேக்கேஜை மட்டும் போட்டு, லைப்ரரியின் ஒரே ஒரு ஃபங்ஷனை அழைக்கும் ஐந்து வரி சி புரோகிராமை பிகேஜி-கான்ஃபிக் சொல்லும் ஆப்ஷன்களோடு கம்பைல் செய்யுங்கள். அந்தப் பைனரியை, ஓடும் பேக்கேஜ் மட்டும் இருக்கும் மூன்றாவது ச்ரூட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டுங்கள். அங்கே அது ஓடிவிட்டால் பேக்கேஜை அப்லோடு செய்யலாம்.